கடலோரச் சம்சாரிகளுக்கு ஒரு கற்றல் சங்கம்: முதல் கூட்டம் முதல் பொறுப்பு மாற்றம் வரை

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்தக் கடலோரக் கிராமத்துக்குப் போனாலும் சங்கத்துக்குப் பஞ்சமில்லை. கண்மாய்க்கு ஒரு பாசன சங்கம், கடனுக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம், பெண்களுக்கு மகளிர் குழு, கருவிகளுக்கு உழவர் உற்பத்தியாளர் குழு. ஆனால் ‘போன வருஷம் மிளகாய் ஏன் இலை சுருண்டது, இந்த வருஷம் என்ன செய்யலாம்’ என்று உட்கார்ந்து பேச ஒரு சங்கம் கிடையாது. அந்தப் பேச்சு டீக்கடையில் நடக்கிறது, இல்லாவிட்டால் உரக்கடையில் நடக்கிறது. உரக்கடையில் நடந்தால் அநேகமாக ஒரு மருந்து பாட்டிலை வாங்குவதில் போய் முடியும்.

ஊரில் இருந்துகொண்டு சம்சாரிகளுக்கு, அதாவது விவசாயிகளுக்கு, இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், விவசாயம் படித்த பெண்ணாக இருக்கலாம், வளைகுடாவிலிருந்து திரும்பி அப்பாவின் நிலத்தைப் பார்க்கிறவராக இருக்கலாம். முதல் கூட்டத்திலேயே யாராவது கேட்பார்கள்: “ஏம்ப்பா, இதுல மானியம் எவ்வளவு வரும்?” ஒன்றும் வராது என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாலு பேர் எழுந்து போவார்கள். மீதிப் பேரை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.

ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள்

புதுப் பெயர்ப்பலகை எழுதுவதற்கு முன்னால் ஊரில் உயிரோடு இருக்கும் குழுக்களைக் கணக்கெடுங்கள். தமிழ்நாட்டில் 2017-18இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 பேர் சேர்ந்தால் உழவர் ஆர்வலர் குழு, அப்படி ஐந்து குழு சேர்ந்தால் 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு என்று அமைத்தார்கள். உற்பத்தியாளர் குழுவுக்கு 5 லட்ச ரூபாய் தொகுப்பு நிதி கொடுத்துப் பொதுவில் கருவிகள் வாங்க வைத்தார்கள். உங்கள் ஊரில் அந்தக் குழு இன்னும் கூடுகிறதா, கருவி யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்று விசாரியுங்கள். பாசன சங்கங்களுக்கு 2000ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன முறை மேலாண்மைச் சட்டம் இருக்கிறது. நபார்டு வங்கி 1982இல் தொடங்கிய உழவர் மன்றங்களில் ஒன்று உங்கள் பக்கத்திலும் இருந்திருக்கலாம். அதில் இருந்த பெரியவரைத் தேடிப் பிடித்தால் அது எதனால் நின்றுபோனது என்று கேட்டுக்கொள்ளலாம். அந்தப் பதில் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் கிடைக்காது.

இவற்றில் ஒன்று நன்றாக நடந்தால் தனிச் சங்கம் வேண்டாம். அதிலேயே மாதம் ஒரு கற்றல் கூட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். எதுவுமே நடக்கவில்லை என்றால்தான் மேற்கொண்டு படியுங்கள்.

ஒரு பருவத்துக்கு ஒரே கேள்வி

‘விவசாயிகளுக்கு விழிப்புணர்வு’ என்று தொடங்கினால் யாருக்கும் எதுவும் புரியாது. ஒரு பருவத்துக்கு ஒரு கேள்வி போதும். அது ஊருக்கு ஊர் மாறும். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் புழுதி விதைப்பு (மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதைக்கும்) நெல்லில் களை பெரிய தொல்லை. கடலாடி, சாயல்குடி பக்கம் பனையும் மிளகாயும். திருப்புல்லாணி, உச்சிப்புளி, மண்டபம் பக்கம் தென்னந்தோப்பும், வருஷத்துக்கு வருஷம் உப்புக் கரிக்கும் கிணறும்.

கடலோரத்தில் எங்கே தொடங்குவது என்று என்னைக் கேட்டால் உப்பிலிருந்து தொடங்குங்கள் என்பேன். நெல்காரர், மிளகாய்க்காரர், தென்னைக்காரர் மூவருக்கும் பொதுவான பிரச்சினை அது. அதோடு, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் அதுதான். நிலம் வெள்ளை பூத்தால் “ஜிப்சம் போடு” என்று யாரோ சொல்வார்கள். மூட்டை மூட்டையாக வாங்கிப் போடுவார்கள். உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. உவரில் கரையும் உப்பு அதிகம்: உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமனுக்கு மேல் இருக்கும், கார அமிலநிலை (pH) 8.5க்குக் கீழே இருக்கும். அதற்கு ஜிப்சம் தேவையில்லை. நல்ல தண்ணீரைத் தேக்கிக் கழுவி வடிய விட வேண்டும், வடிகால் இல்லாவிட்டால் கழுவியும் பயனில்லை. களரில் சோடியம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும், கார அமிலநிலை 8.5ஐத் தாண்டும், மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் கலங்கலாகவே நிற்கும். அதற்குத்தான் ஜிப்சம், பிறகு தண்ணீர் தேக்கி வடிப்பு, பிறகு பசுந்தாள் உரமாக மடக்கி உழத் தக்கைப்பூண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்லும் சாதாரண மண் பரிசோதனை, ஜிப்சத்துக்கு ஆகும் செலவில் ஒரு துளிதான்.

கிணற்று விஷயம் இதைவிடச் சுவாரசியமானது. மணல்பாங்கான கடலோரத்தில் மழைநீர் கீழே உள்ள உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் போட்டு நீர்மட்டத்தை நிரந்தரமாக ஓர் அடி இறக்கினால், உப்பு கீழிருந்து 40 அடி ஏறி வரப் பார்க்கும். ‘இன்னும் ஆழமாக போர் போடலாம்’ என்ற யோசனை மேட்டுப்பகுதிக்குச் சரியாக இருக்கலாம், மணல் கரையில் உப்பைத் தேடிப் போவதாகத்தான் முடியும். அந்தக் காலத்தில் மணலில் மேலாக ஊத்துத் தோண்டி, குடத்தால் மொண்டு ஊற்றியவர்கள் இந்தக் கணக்கைப் படித்ததில்லை. ஆனால் செய்தது இதைத்தான். ஒரு தோப்புக்காரர் மட்டும் அடக்கமாக இறைத்துப் பலனில்லை, பக்கத்துத் தோப்பும் அடங்க வேண்டும். தனித்தனியாக இல்லாமல் சங்கமாகக் கற்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

கையடக்க மின்கடத்துதிறன் மானி ஒன்றைப் பொதுவில் வாங்கிவிட்டால் முதல் பருவத்துப் பாடம் தயார். மாதம் ஒரு முறை எல்லாக் கிணற்றுத் தண்ணீரையும் அளந்து எழுதுங்கள். பாசன நீர் அதே டெசிசீமன் கணக்கில் 0.7க்குள் இருந்தால் கவலையில்லை, 3ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர் தாங்காது. மண்ணைப் பொறுத்தவரை மிளகாய்க்கு 1.5லேயே மகசூல் குறையத் தொடங்கும், நெல் 3 வரை பொறுக்கும். இந்த நாலு எண்களையும் சுவரில் எழுதி வையுங்கள்.

யாரைக் கூப்பிடுவது, எங்கே கூடுவது

25 பேர் போதும். அதற்குமேல் போனால் வகுப்பு மேடைக்கூட்டமாகிவிடும். பட்டா வைத்திருப்பவர் மட்டும்தான் விவசாயி என்று பட்டியல் போடாதீர்கள். வாரத்துக்கும் (விளைச்சலில் பங்குக்கும்) குத்தகைக்கும் பார்ப்பவர், ஆடு மேய்ப்பவர், பனையேறுகிறவர் எல்லோரும் வேண்டும். முக்கியமாகப் பெண்கள். மிளகாய் பறிப்பதும் காயப்போடுவதும் சோடை (நிறம் வெளிறிய வற்றல்) பிரிப்பதும் அவர்கள். வகுப்புக்கு வருவது மட்டும் வீட்டு ஆண் என்றால், படித்தது களத்துக்கு வராது. தரையில் அப்படியே காயப்போட்ட வற்றலில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்ஸின் நச்சு சேரும் என்பதை, களத்தில் நிற்கும் கைகளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தரம் இல்லாத வற்றலுக்குக் குறியீடு விலை வாங்கித் தராது.

இடம் விஷயத்தில் கொஞ்சம் கூச்சத்தை விட்டுப் பேச வேண்டும். கூட்டம் எந்தத் தெருவில், எந்தச் சமுதாயத்து மண்டபத்தில் நடக்கிறது என்பதே பாதிப் பேரை வரவிடாமல் செய்துவிடும். யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள். பள்ளிக்கூடம், ஊராட்சிக் கட்டடம், நூலகம் போன்ற பொது இடங்களில் மட்டும் கூடுங்கள். 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகக் கட்டடங்களில் சில பூட்டியே கிடக்கின்றன. ஊராட்சியில் எழுதிக் கேட்டுச் சாவி வாங்கிப் பெருக்கிச் சுத்தம் செய்தால் உட்காரவும் இடம், தாள்களை வைக்கவும் அலமாரி.

நேரத்தை வானிலையும் கடலும் முடிவு செய்யும். வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஊர் இது. ஆவணி, புரட்டாசியில் விதைப்புக்கு முந்தைய வகுப்பு, மழைக்காலத்தில் வயல் வகுப்பு, தை, மாசியில் அறுவடைக் கணக்கு. வயலும் வலையும் இரண்டும் உள்ள குடும்பங்கள் கடலோரத்தில் நிறைய. விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மண் மாதிரி எடுப்பது, கண்மாய் வரத்துக்கால் நடந்து பார்ப்பது போன்றவற்றை அப்போது வைத்துக்கொண்டால் வீட்டில் ஆள் இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: கோடையில் எடுத்த மண்ணில் உப்பு அதிகமாகக் காட்டும், மழைக்குப் பின் குறையும். எப்போது எடுத்தது என்று பையின்மேல் எழுதாவிட்டால் அடுத்த வருஷம் ஒப்பிட முடியாது.

வகுப்பு எப்படி நடக்க வேண்டும்

மேசை, மைக், சால்வை மூன்றும் வேண்டாம். இந்தோனேசியாவில் 1989இல் புகையான் பூச்சியால் அலைக்கழிந்த நெல் விவசாயிகளுக்காக உலக உணவு வேளாண்மை நிறுவனம் தொடங்கிய வயல்வெளிப் பள்ளி முறைதான் இன்றுவரை எனக்குத் தெரிந்த நல்ல முறை. பாடம் வயலில் நடக்கும். நாலைந்து பேராகப் பிரிந்து செடிகளைப் பார்த்து, கெடுதல் பூச்சி எத்தனை, அதைத் தின்னும் பூச்சி எத்தனை என்று எண்ணி, பெரிய தாளில் வரைந்து, மருந்து அடிக்கலாமா வேண்டாமா என்று அவர்களே வாதாடி முடிவெடுப்பார்கள். அலுவலர் வாய்மூடி நிற்பது இதில் கடினமான பாடம்.

ஒரு சோதனை வயல் கட்டாயம். அரை ஏக்கரை நடுவில் வரப்புப் போட்டுப் பிரியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நாள் விதைப்பு, ஒரே உரம். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உதாரணத்துக்கு, ஒரு பக்கம் ஊர் வழக்க நெல், மறுபக்கம் பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009இல் வெளியிட்ட அண்ணா 4. இரண்டு மாற்றம் செய்தால் எதனால் கூடியது என்று தெரியாது. நிலம் கொடுப்பவருக்கு நஷ்டம் வந்தால் சங்கம் ஈடு செய்யும் என்று முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஏழைச் சம்சாரியின் வயலை வைத்துப் பரீட்சை பார்ப்பது முறையல்ல.

மண் மாதிரியையும் கையால் எடுத்தே கற்க வேண்டும். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் ‘வி’ வடிவில் 15 செ.மீ. குழி, ஓரமண்ணைச் சுரண்டி, கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதியைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைத்துத் துணிப்பையில் கட்டுங்கள். எருக்குழி, மரத்தடி, வரப்போரம் கூடாது.

பயிர்க் காப்பீட்டுக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள். இந்த மாவட்டத்தில் மழை பொய்த்த வருஷம் குடும்பத்தைத் தாங்குவது பல நேரம் அதுதான். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்டுவது காரிஃப் எனும் ஜூனில் தொடங்கும் பருவத்து உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அக்டோபரில் தொடங்கும் ராபி பருவத்துக்கு 1.5, மிளகாய் போன்ற பயிருக்கு 5 சதவீதம் வரை. வறட்சி போல ஊர் முழுக்க வரும் இழப்பை உங்கள் வயலைப் பார்த்து முடிவு செய்வதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதி முழுமைக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்திச் சராசரி எடுக்கிறார்கள். அந்தப் பரிசோதனை நடக்கும் நாளில் சங்கம் போய் நின்று பார்ப்பது நல்ல பாடம். வெள்ளம் தேங்குவது போன்ற தனி இழப்பு என்றால் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். அடங்கலில் (கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவேட்டில்) என்ன பயிர் ஏறியிருக்கிறது என்று எல்லோரும் அன்றைக்கே படித்துப் பார்க்கட்டும்.

கேட்டுக் கற்கும் பழக்கமும் நமக்குப் புதிதில்லை. 1960களில் தஞ்சைப் பகுதியில் ஏ.டி.டி.27 நெல்லை வானொலி வழியே பரப்பினார்கள், ஜனங்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். இன்று பாம்பனில் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி மீனவர்களுக்காக 2016 முதல் ஒலிக்கிறது. வகுப்பில் பேசியதைச் சிறு குரல்பதிவாக்கி வாட்ஸ்அப்பில் போட்டாலே எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் போய்ச் சேரும். ‘குட் மார்னிங்’ படங்களுக்கு மட்டும் அந்தக் குழுவில் தடை போடுங்கள்.

அரசிடம் என்ன கேட்பது

பணத்தைக் கேட்டால் ‘நிதி இல்லை’ என்ற பதில் சுலபமாக வரும். ஆளையும் அறிவையும் கேளுங்கள்; அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். இராமநாதபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும், பரமக்குடியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. மூன்றும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையத்தை 1974இல் புதுச்சேரியில் நடத்தத் தொடங்கியதும் அதே பல்கலைக்கழகம்தான். வட்டார அளவில் நெல், தென்னைக்கு வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம், மிளகாய்க்குத் தோட்டக்கலை அலுவலகம். மாற்றிப் போய் நின்றால் ஒரு நாள் வீண்.

அட்மா எனும் வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமைத் திட்டத்தில் பண்ணைப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. பொதுவாக 25 விவசாயிகள், பயிரின் வெவ்வேறு கட்டத்தில் ஆறு வகுப்பு. உங்கள் முதல் பருவத்தை அப்படியே அதில் நடத்திவிடலாம். வட்டாரத் தொழில்நுட்ப மேலாளரிடம் பருவத்துக்கு முன்பே பேசுங்கள். பயிர் முளைத்த பிறகு கேட்டால் அந்த வருஷ ஒதுக்கீடு வேறு ஊருக்குப் போயிருக்கும்.

கடிதம் எழுதும்போது ‘தாங்கள் வருகை தந்து சிறப்பிக்க வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ‘எங்கள் ஊரில் 18 கிணறுகளை அளந்தோம், 11இல் உப்பு இந்த அளவு, பட்டியல் இணைத்துள்ளோம், இதில் எந்தத் தென்னை உர அளவு பொருந்தும்?’ என்கிற மாதிரி எழுதுங்கள். எண்களோடு போகும் கேள்வியை எந்த விஞ்ஞானியும் ஒதுக்கி வைக்க மாட்டார். அவருக்கும் அது தேவை.

கிராம சபையைப் பயன்படுத்துங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. ‘நூலகக் கட்டடத்தை மாதம் இரு நாள் கற்றல் கூட்டத்துக்கு ஒதுக்குவது’ என்ற ஒரு வரித் தீர்மானம் பதிவேட்டில் ஏறிவிட்டால், தலைவரோ அலுவலரோ மாறினாலும் காட்ட ஒரு தாள் இருக்கும். அதற்கும் அசையாத விஷயங்களை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்து மாதாந்திரக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குக் கொண்டு போங்கள். சந்தேகத்துக்கு உடனடிப் பதில் வேண்டுமானால் கிசான் அழைப்பு மையம் 1800-180-1551, தமிழில் பேசலாம்.

ஊரிடம் என்ன கேட்பது

கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று) கொடுத்துப் பழகிய ஊர்கள் இவை. வியாபாரத்தில் மகமை (பொதுக் காரியத்துக்கு ஒரு சிறு பங்கு) எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்திய வழக்கமும் தென்மாவட்டங்களில் உண்டு. அந்தப் பழக்கத்திலேயே கேளுங்கள்: மிளகாய் மூட்டைக்கு ஒரு சிறு தொகை, அல்லது அறுவடையில் ஒரு மரக்கால் நெல். சந்தா என்றால் முகம் சுளிப்பவர்கூட இதற்குத் தருவார். தர முடியாதவர் சோதனை வயலில் ஒரு நாள் களை எடுக்கட்டும், அதையும் வரவில் எழுதுங்கள். கண்மாய் மீன் குத்தகைப் பணத்தில் கண் வைக்க வேண்டாம். அது பொதுச்சொத்து வருமானம், கைவைத்தால் சங்கம் அந்த வருஷமே இரண்டாக உடையும்.

கடலோரத்தில் இன்னொரு வழி உண்டு, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள். இதில் சட்டம் தெரிந்துகொள்ளாமல் இறங்காதீர்கள். இந்தியக் குடிமகனாக இருந்து துபாயிலோ சவூதியிலோ உழைப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பினால் ஆகும். அதை வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி வேண்டும். சொந்த மாமாதான், பாசத்தில்தான் அனுப்பினார் என்பது அங்கே செல்லாது.

பதிவு எப்போது, எப்படி

முதல் பருவம் பண்ணைப் பள்ளியாகவே ஓடட்டும். சங்கம் என்று பெயர் சூட்டி உறுப்பினர் சேர்த்துச் சந்தா வாங்கத் தொடங்கினால் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். சட்டத்தில் காலக்கெடு உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், நோக்கக் குறிப்பும் துணைவிதிகளும் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர், பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. பதிவு முடிந்ததும் சங்கத்தின் பெயரில் பான் அட்டை, இருவர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கைத் தாக்கல் செய்வதைத்தான் பாதிச் சங்கங்கள் மறந்துவிடுகின்றன.

துணைவிதிகளை யாரோ கொடுத்த மாதிரிப் படிவத்திலிருந்து அப்படியே எழுதாதீர்கள். மூன்று வரிகளை நீங்களே சேருங்கள்: நிலம் சொந்தமாக இல்லாதவரும் உறுப்பினராகலாம்; நிர்வாகக் குழுவில் பெண்கள் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; உர, மருந்து விற்பனையாளர் பேச வரலாம், பொறுப்புக்கு வரக் கூடாது. விதை வாங்கி விற்று லாபம் பிரிக்க ஆசை வந்தால் அதற்கு இந்தச் சட்டம் இடம் தராது. அது உற்பத்தியாளர் நிறுவனத்தின் வேலை.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி வேண்டுமானால் வருமான வரித் துறையில் அறநிறுவனப் பதிவும் நன்கொடையாளருக்கான வரிச்சலுகைப் பதிவும் (12ஏ, 80ஜி என்று சொல்லிப் பழகியவை), அதற்குப் பின் சி.எஸ்.ஆர்-1 படிவமும் தேவை. முதல் இரண்டு வருஷத்துக்கு இந்தப் பக்கமே போகாமலிருப்பது நல்லது. பெரிய பணம் வந்தால் அறிக்கை எழுதத் தெரிந்தவரே தலைவராகிவிடுவார், உப்பு அளக்கத் தெரிந்தவர் பின்வரிசைக்குப் போய்விடுவார்.

மூன்றாம் வருஷம்

மாத வரவு செலவை நூலகச் சுவரில் ஒட்டுங்கள், ஐம்பது ரூபாய் டீச் செலவு உட்பட. கிணற்று அளவுப் பட்டியல், சோதனை வயல் மகசூல், மண் பரிசோதனை அட்டைகளின் நகல் எல்லாம் ஒரே கட்டில் இருக்கட்டும், யாருடைய வீட்டுக்கும் போக வேண்டாம். மூன்றாம் வருஷம் பொறுப்பு மாறும்போது பழைய செயலாளர் அந்தக் கட்டு, பாஸ்புத்தகம், உறுப்பினர் பதிவேடு, மானி, கட்டடச் சாவி ஐந்தையும் பொதுக்குழு முன்னால் எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். மானி தவறாகக் காட்டுகிறதா என்று அன்றைக்கே திட்டக் கரைசலில் (அளவு முன்பே தெரிந்த உப்புக் கரைசலில்) போட்டுப் பார்த்துவிடுங்கள். புதிய செயலாளர் இருபத்தைந்து வயதுப் பெண் என்றால் கூட்டத்தில் கொஞ்சம் முணுமுணுப்பு வரும். அடுத்த மாதக் கிணற்று அளவை அவரையே எடுக்கச் சொல்லிவிட்டுப் பழையவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம்.